ஒரு ஊசியின் ஐந்து மிச்சங்கள்

ஒரு நோயாளிக்கு ஊசி போட்டு முடித்ததும் செவிலியரின் கையிலும் தட்டிலும் ஐந்து பொருள்கள் மிஞ்சுகின்றன. உடலுக்குள் போய்வந்த ஊசிமுனை, மருந்து ஏற்றியிருந்த பிளாஸ்டிக் சிரிஞ்சு, கழுத்தை ஒடித்துத் திறந்த கண்ணாடி மருந்துக்குப்பி, குத்திய இடத்தை அழுத்திப் பிடித்ததில் ரத்தப்பொட்டு ஒட்டிய பஞ்சு, சிரிஞ்சு பொதிந்து வந்த காகித உறை. எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஆனால் நம் நாட்டு விதிகளின்படி இந்த ஐந்தும் ஐந்து வெவ்வேறு இடங்களுக்குப் போக வேண்டியவை. ஊசிமுனை துளைபடாத வெள்ளைப் பெட்டிக்கும், சிரிஞ்சு சிவப்புப் பைக்கும், குப்பி நீலப் பெட்டிக்கும், பஞ்சு மஞ்சள் பைக்கும், காகித உறை வீட்டில் போடுவதுபோலச் சாதாரணக் குப்பைத்தொட்டிக்கும் போக வேண்டும். பழகிய கைக்கு இதைப் பிரித்துப் போட அரை நிமிடம்கூட ஆகாது. வார்டிலும், பின்னர் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவிலும் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்த எனக்கு, மருத்துவக் கழிவைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த அரை நிமிடத்தைப் பற்றியதாகவே இருக்கிறது.

பொதுமக்கள் மருத்துவக் கழிவைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் அது தெருவுக்கு வந்த பிறகுதான். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் திருநெல்வேலிக்கு அருகே கோடகநல்லூர், நடுக்கல்லூர், பழவூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவமனைகளின் கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்தபோது எழுந்த கோபத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். குப்பைக்குள் கிடந்த நோயாளிகளின் காகிதங்களே அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மூன்று நாளுக்குள் அதை அள்ளிச் செல்லும்படி கேரள அரசுக்கு உத்தரவிட்டது. லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றார்கள். மறு ஆண்டில் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்தையே திருத்தி, மருத்துவக் கழிவை முறைகேடாகக் கொட்டுவோரையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அந்தக் கோபமும் நடவடிக்கையும் முற்றிலும் நியாயமானவை. எனினும் எல்லைச் சோதனைச் சாவடியில் லாரியைப் பிடிப்பது கடைசிக் கட்டக் காவல் மட்டுமே. நோயாளியின் காகிதமும் பயன்படுத்திய மருத்துவப் பொருளும் ஒரே மூட்டையில் கிடந்தன என்றால், அந்த மூட்டை எல்லையைத் தாண்டுவதற்கு வெகு முன்பே, ஏதோ ஒரு கட்டிலின் பக்கத்தில், தவறு தொடங்கிவிட்டது.

மருத்துவமனையில் உண்டாகும் கழிவு முழுவதும் ஆபத்தானதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அதில் சுமார் 85 விழுக்காடு சாதாரணக் குப்பை: சாப்பாட்டு மிச்சம், காகிதம், அட்டைப்பெட்டி, பழத்தோல், தண்ணீர்ப் பாட்டில். மீதி 15 விழுக்காடுதான் தொற்று பரப்பக்கூடியதாகவோ, ரசாயன நச்சுள்ளதாகவோ, கதிரியக்கம் உள்ளதாகவோ இருக்கிறது. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, அது இங்கே அப்படியே பொருந்தும். அந்த 15 பங்கும் 85 பங்கோடு ஒருமுறை கலந்துவிட்டால், பிறகு நூறு பங்கையும் நச்சாகவே நடத்தியாக வேண்டும். கலந்த குப்பையை மறுபடி கையால் கிளறிப் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் துறையில் எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம், ஏனென்றால் கிளறும் கைக்குத்தான் ஊசி காத்திருக்கிறது.

நான் பயிற்சி மாணவியாக இருந்த காலத்தில் இந்த வண்ணங்கள் எதுவும் கிடையாது. மருத்துவமனையின் பின்கட்டில் செங்கல்லால் கட்டிய தொட்டி ஒன்று இருக்கும். அறுவை அரங்கின் பஞ்சும் துணியும் அங்கேதான் போகும், ஊசிகளும் அங்கேதான் போகும். நிறைந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள். நனைந்த பஞ்சு முழுதாக எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. நாய்கள் இழுத்துச் செல்வதைத் துரத்துவதற்கென்றே ஒரு காவலர் இருந்த மருத்துவமனைகளும் உண்டு. 1996இல் டெல்லியின் குப்பை குறித்த வழக்கில் உச்சநீதிமன்றம், 50 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் எரியுலை அமைக்க வேண்டும் அல்லது அதற்கு ஈடான மாற்று வழியை மேற்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகுதான் நாட்டின் கவனம் இதன் பக்கம் திரும்பியது. 1998இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முதல் விதிகள் வந்தன. அவை கழிவைப் பத்து வகைகளாகப் பிரித்தன. பத்து வகையை நினைவில் வைத்துக்கொண்டு, நள்ளிரவு இரண்டு மணிக்கு, ஒரு கையில் நோயாளியைத் தாங்கியபடி எந்தப் பையில் எதைப் போடுவது என்று முடிவெடுப்பது நடக்கிற காரியமன்று. 2016ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த புதிய விதிகள் அவற்றை நான்கு வண்ணங்களுக்குள் அடக்கின. அந்த விதிகளை எழுதியவர்கள் செய்த மிக நல்ல காரியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பழைய விதிகளில் பிளாஸ்டிக்குக்கும் கூர்மையான பொருள்களுக்கும் உரியதாக இருந்த நீலம், புதிய விதிகளில் கண்ணாடிக்கு உரியதாகிவிட்டது. பழையதில் பழகிய கைகள் மாறுவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

இந்த நான்கில் வெள்ளைப் பெட்டியைப் பற்றியே நான் மாணவிகளிடம் அதிகம் பேசுவேன். ஊசிமுனை, அறுவைக் கத்தியின் தகடு, தையல் ஊசி, இன்சுலின் சிரிஞ்சைப் போல முனை பிரியாமல் ஒட்டியே வரும் சிரிஞ்சு ஆகியவை அதற்குள் போகும். பெட்டி துளைபடாததாகவும், கசியாததாகவும், யாரும் திறந்து பார்க்க முடியாததாகவும் இருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது வெளியே தெரியவும் வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். இந்த முக்கால் என்ற அளவை வெறும் சம்பிரதாயமாக எண்ணிவிடக் கூடாது. நிறைந்து வழியும் பெட்டிக்குள் இன்னும் ஒன்றை அழுத்தித் திணிக்கும்போது, முன்பே உள்ளே போன ஊசி ஒன்று எதிர்த்திசையில் எழும்பி விரலைக் குத்துவதை நான் பார்த்திருக்கிறேன். சாதாரண சிரிஞ்சாக இருந்தால், ஊசி போட்ட கையோடு அதன் கழுத்தை ஊசி வெட்டும் கருவியின் துளைக்குள் நுழைத்துப் பிடியை அழுத்த வேண்டும். மெல்லிய ஒரு சொடுக்கு கேட்கும். ஊசிமுனை அடியிலுள்ள டப்பாவில் விழும். சிரிஞ்சின் மூக்கும் அறுந்துவிடுவதால் அதை இனி யாரும் மறுபடி பயன்படுத்த முடியாது. ஊசிக்குத் திரும்ப மூடி போடுவது மட்டும் கூடவே கூடாது. ஒரு கையில் ஊசியையும் மறு கையில் மூடியையும் பிடித்து இரண்டையும் சேர்க்கும் பழக்கம் எத்தனை செவிலியர்களின் ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்திருக்கிறது என்பதைத் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவின் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும்.

குத்தினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எண்கள் போதும். தொற்றுள்ள ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசி ஒருமுறை குத்தினால், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றுவதற்கான வாய்ப்பு 30 விழுக்காடு. ஹெபடைடிஸ் சி 1.8 விழுக்காடு, எச்ஐவி 0.3 விழுக்காடு. எல்லோரும் அஞ்சுவது மூன்றாவது நோயைக் கண்டு. ஆபத்து மிகுந்திருப்பது முதலாவதில். அந்த முதலாவதற்குத்தான் மலிவான, நம்பத்தகுந்த தடுப்பூசியும் இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ஒப்பந்த அடிப்படையில் தூய்மைப் பணி செய்த ஓர் அக்கா, மகப்பேறு வார்டிலிருந்து மஞ்சள் பையைத் தூக்கிச் சென்றபோது அதற்குள்ளிருந்த ஊசி அவர் தொடையில் குத்திவிட்டது. மகப்பேறு வார்டின் மஞ்சள் பை கனமானது. ஒவ்வொரு நஞ்சுக்கொடியும் ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். காலைக்குள் ஏழெட்டுப் பிரசவம் நடந்திருந்தால் பையை ஒரு கையால் உடலிலிருந்து தள்ளிப் பிடித்துத் தூக்க முடியாது. தொடையில் சாய்த்துத்தான் தூக்க வேண்டியிருக்கும். தள்ளுவண்டி பழுதாகிக் கிடந்தது. அந்தப் பையில் ஊசி இருந்திருக்கவே கூடாது; யாரோ அவசரத்தில் பஞ்சோடு பஞ்சாகப் போட்டுவிட்டார்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் வேலை முடிகிற நேரத்தில் கூட வேலை செய்த இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அழைத்துக் கேட்டபோது அவர் முதலில் சொன்னது, “சிஸ்டர், சூப்பர்வைசர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடுவாரு” என்பதுதான்.

ஊசி யாருக்குப் போட்டது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அப்படிப்பட்ட நிலையில் எச்ஐவி தடுப்பு மருந்தைக் கூடிய விரைவில், இயன்றால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். அன்றிரவே தொடங்கினோம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று பார்த்தபோது ஒரே ஒரு தவணை மட்டும் போட்டிருந்தார். விதிகளின்படி மருத்துவக் கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். முதல் தவணை வேலையில் சேர்ந்ததும், இரண்டாவது ஒரு மாதத்திலும், மூன்றாவது ஆறாம் மாதத்திலும் போட வேண்டியவை. ஆறாம் மாதம் வருவதற்குள் ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குக் கைமாறும், ஆட்கள் மாறுவார்கள், அட்டை தொலையும். தடுப்பூசி போட்டாயிற்று என்று பதிவேட்டில் எழுதியிருக்கும் பெயர்களில் எத்தனை பேருக்கு மூன்று தவணையும் முடிந்திருக்கிறது என்று அதன்பிறகு எங்கே போனாலும் கேட்கத் தொடங்கினேன். அந்த அக்காவுக்கு நல்லவேளையாக எந்தத் தொற்றும் இல்லை. ஆனால் ஆறாம் மாதப் பரிசோதனைக்கு அவர் வந்தபோது அங்கே வேலையில் இல்லை. நான் கூப்பிட்டதற்காகப் பேருந்துக்குத் தன் கையிலிருந்து காசு கொடுத்து வந்திருந்தார்.

இதைப் படிப்பவர்களில் யாராவது இந்த வேலையில் இருந்தால் அவர்களுக்காக இதையும் எழுதிவைக்கிறேன். ஊசி குத்தினால் அந்த இடத்தைப் பிதுக்காதீர்கள், விரலை வாயில் வைத்துச் சப்பாதீர்கள், டெட்டாலோ பிளீச்சிங் கரைசலோ ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். விபத்தைப் பதிவு செய்வது மருத்துவமனையின் சட்டக் கடமை. அதைச் சொன்னதற்காக உங்களை யாரும் வேலையை விட்டு நிறுத்துவது நியாயமாகாது.

சிவப்புப் பையின் சிக்கல் வேறு வகையானது. குளுக்கோஸ் ஏற்றும் குழாய், சிறுநீர்ப் பை, கதீட்டர், ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை என மறுசுழற்சிக்கு உகந்த பிளாஸ்டிக், ரப்பர் பொருள்கள் எல்லாம் இதில் வருகின்றன. நான்கு வண்ணங்களிலும் காசு அதிகம் புரளக்கூடியது இதுதான், அதனால் களவுபோகக்கூடியதும் இதுதான். முறைப்படி இந்தப் பை, பல மருத்துவமனைகளின் கழிவையும் வாங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், கிருமி நீக்கும் கருவியான ஆட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸ் நீராவியில் உரிய அழுத்தத்தோடு, கருவியின் வகைக்கேற்ப முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வெந்து, துண்டு துண்டாக அரைபட்டு, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். வேகவைத்தது போதுமா என்பதைச் சோதிக்க, வெப்பத்தை மிக நன்றாகத் தாங்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் அடங்கிய சிறு குப்பியையும் கழிவோடு உள்ளே வைப்பார்கள். அவை செத்திருந்தால்தான் மற்றவையும் செத்திருக்கும் என்று கொள்ளலாம். இந்தப் பாதையிலிருந்து ஒரு பை விலகிப் பழைய சாமான் கடைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு 2009ஆம் ஆண்டு குஜராத்தின் மொடாசாவில் பரவிய ஹெபடைடிஸ் பி கொள்ளைநோயே சாட்சி. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய சிரிஞ்சுகளையும் ஊசிகளையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் வந்த வினை அது, பலர் உயிரிழந்தனர். பயன்படுத்திய சிரிஞ்சுகளைக் குவித்து வைத்திருந்த கிடங்குகளும் அப்போது சோதனையில் சிக்கின. அதனால்தான் குழாயைப் பையில் போடும் முன் கத்தரியால் வெட்டுங்கள், கையுறையைக் கிழியுங்கள், பாட்டிலில் ஓட்டை போடுங்கள் என்று சொல்லித்தருகிறோம். வெட்டாமல் முழுதாகப் போட்ட ஒரு டிரிப் செட், கழுவித் துடைத்து உறையில் போட்டால் புதிது போலவே இருக்கும்.

மஞ்சள் பை எரியுலைக்குப் போவது. வெட்டி எடுத்த உறுப்பு, நஞ்சுக்கொடி, ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டும், மாவுக்கட்டு, காலாவதியான மருந்து, ரத்தக்கறை படிந்த மெத்தை ஆகியவை இதில் சேரும். எதை எங்கே போடுவது என்று தெரியாதபோது எல்லோருடைய கையும் மஞ்சள் பையை நோக்கித்தான் நீளும். எப்படியும் எரிக்கத்தானே போகிறார்கள் என்ற எண்ணம். இந்த எண்ணத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எரிப்பதால் எதுவும் இல்லாமல் போய்விடுவதில்லை. குளோரின் கலந்த பிவிசி பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்சின், ஃபியூரான் எனப்படும் நச்சுகள் உண்டாகின்றன. அவை காற்றில் கலந்து, புல்லில் படிந்து, மாட்டின் கொழுப்பில் சேர்ந்து, பாலின் வழியே நம்மிடம் திரும்புபவை, புற்றுநோயை உண்டாக்குபவை. இதனால்தான் எரியுலைக்கு இரண்டு அறைகளை விதிகள் வற்புறுத்துகின்றன. முதல் அறையில் சுமார் 800 பாகை வெப்பத்தில் கழிவு எரிய வேண்டும். அதிலிருந்து எழும் வாயு இரண்டாம் அறையில் சுமார் 1050 பாகையில் குறைந்தது இரண்டு நொடி தங்க வேண்டும். வெளியே வரும் வாயு மெதுவாகக் குளிர்ந்தாலும் அந்த நச்சுகள் மறுபடி உருவாகும் என்பதால் அதைச் சட்டென்று குளிரவைக்கவும் வேண்டும். புகைபோக்கி தரையிலிருந்து 30 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் புகையில் டையாக்சினும் ஃபியூரானும் சேர்ந்து 0.1 நானோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2016 விதிகளில் வந்த வரம்பு. மஞ்சள் பையே குளோரின் இல்லாத பிளாஸ்டிக்கால் ஆனதாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பதும் இதற்காகத்தான்.

ஆனால் உலை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், உள்ளே போவதை அது தீர்மானிப்பதில்லை. வார்டில் சிறுநீர்ப் பையையும் குளுக்கோஸ் குழாயையும் மஞ்சளில் போட்டவர்தான் அந்தப் புகையின் ஒரு பங்கை உண்டாக்குகிறார். சாம்பார் சாதத்தின் மிச்சத்தை மஞ்சளில் போடுபவர் ஈரத்தைச் சேர்த்து உலையின் வெப்பத்தைக் குறைக்கிறார். இது யார் கண்ணுக்கும் படாத குற்றம். செங்கல்பட்டுக்கு அருகே தென்மேல்பாக்கத்திலும் விருதுநகர் மாவட்டத்து உண்டுறுமி கிடாக்குளத்திலும் உள்ளவை போன்ற சுத்திகரிப்பு நிலையங்களைச் சுற்றி வாழும் மக்கள் புகையைப் பற்றிக் கேள்வி கேட்டால், அவர்கள் வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்வது எளிது. நம் வார்டின் சோம்பலும் அவர்கள் ஊரின் காற்றில் இருக்கிறது.

நீலப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடைந்த, காலியான மருந்துக்குப்பிகளும், உடலிலிருந்து எடுத்த உலோகத் தகடு, திருகு போன்றவையும் அதில் போகும். கிருமி நீக்கியபின் அவை மறுசுழற்சிக்குப் போகின்றன. புற்றுநோய் மருந்து இருந்த குப்பி மட்டும் விதிவிலக்கு. அதைத் தனி அடையாளமிட்ட மஞ்சள் பையில் போட்டு, 1200 பாகைக்கு மேல் எரிக்க வேண்டும்.

இந்த நான்கும் வார்டை விட்டுக் கிளம்பிய பிறகு நடக்க வேண்டியவற்றை விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. ஒவ்வொரு பையிலும் பார்கோடு ஒட்டி, எடை போட்டு, பூட்டிய அறையில் வைக்க வேண்டும். உறுப்புகளையும் ரத்தம் தோய்ந்தவற்றையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 75 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், மருத்துவமனை தன் வளாகத்துக்குள் சொந்தமாக எரியுலை வைத்துக்கொள்ள முடியாது. இது நல்ல ஏற்பாடு. ஐம்பது மருத்துவமனைகள் ஐம்பது அரைகுறை உலைகளை ஊருக்கு நடுவே புகையவிடுவதைவிட, கண்காணிக்கத்தக்க ஒரே இடத்தில் எரிப்பது மேல். எரிந்த சாம்பலும் சாதாரண மண்ணன்று. அதில் கன உலோகங்கள் இருக்கலாம் என்பதால், கும்மிடிப்பூண்டியில் இருப்பதைப் போன்ற அபாயக் கழிவுக்கான நிலநிரப்புக் களத்துக்குத்தான் அது போக வேண்டும்.

நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் கழிவு மட்டும் மருத்துவமனைக்குள்ளேயே கிருமி நீக்கப்பட்ட பிறகுதான் வெளியே போக வேண்டும். காரணம் எளிமையானது. ஒரு நோயாளியின் சளியில் இருக்கும் கிருமியை ஆய்வகம் தட்டில் இட்டு உணவு ஊட்டி வளர்க்கிறது. ஒரு நாளில் அது கோடிகளாகப் பெருகியிருக்கும். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமியாகவும் அது இருக்கலாம். வேனில் ஏற்றிய பை வழியில் கிழிந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தக் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவ் பழுதாகிய நாளில் ஆய்வகத்தின் வேலையையே நிறுத்திவைக்க வேண்டும் என்று நான் ஏன் சண்டை போடுவேன் என்பது புரியும்.

பெரிய மருத்துவமனைகளில் ஆய்வுக்கு வருகிறார்கள், தரச்சான்று கேட்கிறார்கள், குழு கூடுகிறது. ஏதோ ஓர் அளவுக்கு நடக்கிறது. என் கவலை தெருவோரத்து ஒற்றை மருத்துவர் கிளினிக்குகளைப் பற்றியது, ரத்தப் பரிசோதனை நிலையங்களைப் பற்றியது, பல் மருத்துவமனைகளைப் பற்றியது. படுக்கையே இல்லாத கிளினிக்காக இருந்தாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும் என்பதே விதி. கால்நடை மருத்துவமனை, சித்த, ஆயுர்வேத மருத்துவமனைகள், ரத்ததான முகாம், தடுப்பூசி முகாம், பள்ளியின் முதலுதவி அறை எல்லாமே 2016 விதிகளின் வரம்புக்குள் இருக்கின்றன. ஆனால் சிறிய ஊரில் மாலை ஆறு மணிக்குத் திறந்து ஒன்பதுக்கு மூடும் கிளினிக்கின் வாசலில் கழிவு வண்டி தினமும் வந்து நிற்பதில்லை. அங்கே ஊசி போடும் பெண், பெரும்பாலும் முறையான பயிற்சி பெறாத ஓர் உதவியாளர், இரவு கடையைப் பெருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் கட்டி நகராட்சித் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்லி எந்தப் பயனும் இல்லை. வெள்ளைப் பெட்டியை வாங்கி மேசையில் வைக்க வேண்டியவர் மருத்துவர். அதன் விலை ஒரு நாள் வருமானத்தின் சிறு துளி. சங்கங்கள் வழியாக நாலைந்து தெருக் கிளினிக்குகள் சேர்ந்து ஒரே இடத்தில் வண்டியை நிறுத்த ஏற்பாடு செய்துகொண்டால் இது தீர்ந்துவிடும். அப்படிச் செய்துகொண்ட ஊர்களும் இருக்கின்றன.

அதைவிடக் கவனிக்கப்படாத இடம் நம் வீடு. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களின் எண்ணிக்கை பெருகிவருகிறது. ஒருவர் ஒரு நாளில் இரண்டு முறையோ நான்கு முறையோ ஊசி போட்டுக்கொள்கிறார்; சர்க்கரை பார்க்க விரல் நுனியில் குத்தும் சிறு ஊசி தனி. மருத்துவமனைக்கு உள்ள விதிகள் வீட்டுக்குப் பொருந்துவதில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் வீட்டு அபாயக் கழிவு என்ற வகையில் சேர்த்து, தனியே ஒப்படைக்கச் சொல்லின. நடைமுறையில் அவை காய்கறித் தோலோடு சேர்ந்தே போகின்றன. காலையில் தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் மட்கும் குப்பையையும் மட்காத குப்பையையும் பல ஊர்களில் இன்னும் கையால்தான் பிரிக்கிறார். மருத்துவமனைத் தொழிலாளிக்காவது விதிப்படி தடுப்பூசி உண்டு, குத்தினால் ஓடிவர ஒரு வார்டு உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

வீட்டில் இன்சுலின் போடுபவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தரைதுடைக்கும் திரவமோ துணி துவைக்கும் திரவமோ வந்த, கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலைத் திருகுமூடியோடு எடுத்துவைத்து, ஊசி போட்ட உடனே முனையை அதற்குள் போடுங்கள். தண்ணீர்ப் பாட்டில் வேண்டாம். அதன் சுவரை ஊசி துளைத்துவிடும். பால் கவரும் கேரிபேக்கும் வேண்டவே வேண்டாம். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியைத் திருகி, அதன்மேல் பட்டையான டேப்பைச் சுற்றி, “ஊசிகள்” என்று பெரிதாக எழுதி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கையோடு கொண்டுபோய், தங்கள் கழிவோடு சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சிலர் வாங்கிக்கொள்வார்கள், சிலர் மறுப்பார்கள். மறுத்தாலும் அடுத்த முறையும் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் வாங்கிக்கொள்ளும் இடங்களும் கூடும். மருத்துவர்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: இன்சுலினையும் ஊசியையும் விற்கும் அதே மேசையின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை வையுங்கள், நிறைந்ததும் உங்கள் பகுதிக்கு வரும் கழிவு வண்டியிடம் அதை ஒப்படைக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் உள்ளாட்சியிடமும் எழுதிக் கேளுங்கள். அப்படி எழுதுவதற்கு யாருக்காவது உதவி வேண்டுமென்றால் நான் எழுதித்தருகிறேன்.